எந்த எடிட்டர் என்று கேட்ட தம்பிக்கு

நிபோங் தெபாலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிப்ளோமா முடித்து, பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் நிரலராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். நிரல் எழுதப் பயன்படும் எடிட்டர்களில் விம்தான் உலகம் என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். மேலாளர், ஏஐ கருவி இருக்க எடிட்டரைப் பற்றி என்ன பேச்சு என்கிறார். இவர் விஎஸ் கோட் என்ற எடிட்டரில் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பதுபோல் இருக்கிறதாம். கேள்விகள் மூன்று. எந்த எடிட்டரைக் கற்றுக்கொள்வது? ஏஐ எழுதித் தரும் காலத்தில் இன்னும் எதைத்தான் கற்றுக்கொள்வது? சேர்த்த சம்பளத்தில் என்ன மடிக்கணினி வாங்குவது?

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் சின்னது. கைக்கு எது பழகியிருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் பாதி கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கி. பிறகு இங்கே பினாங்கில்; வீடு பட்டர்வொர்த்தில், வேலை தீவில். இதற்குள் ஐந்தாறு எடிட்டர் மாற்றிவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் வரவைத்த தவறுகளை ஒருநாள் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டபோது எண்ணிப் பார்த்தேன். எடிட்டரால் வந்தது ஒன்றுகூட இல்லை. பெயரால் வந்தது இருக்கிறது, பிறந்த தேதியால் வந்தது இருக்கிறது, அடையாள அட்டை எண்ணால், தமிழ் எழுத்தால் வந்தது இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். எடிட்டர் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

பக்கத்து இருக்கைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எங்கள் தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களோடு இணைந்திருக்கும் லினக்ஸ் கணினிகளில் இணையம் கிடையாது, புதிதாக எதையும் நிறுவவும் விடமாட்டார்கள். அங்கே ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் விம்முக்கு முன்னோடியான விஐ மட்டும்தான் இருக்கும். பின்னால் லைன் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அதைவிட்டு வெளியே வரத் தெரியாமல் விழிப்பது நல்ல காட்சி இல்லை. எழுதத் தொடங்குவது, எஸ்கேப் அழுத்துவது, தேடுவது, சேமித்து வெளியேறுவது, இந்த நான்கையும் ஒரு சாப்பாட்டு இடைவேளைக்குள் கற்றுக்கொண்டுவிடலாம். மீதி பிடித்தால் மட்டும்.

எச், ஜே, கே, எல் எழுத்துகளை அழுத்தி நகர்வதை ஏதோ சித்தர் ரகசியம்போல் சிலர் சொல்வார்கள். விஷயம் ரொம்பச் சாதாரணம். 1976-இல் பில் ஜாய் விஐயை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம், அதாவது பெரிய கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்று டேப் இருக்கிற இடத்தில், விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் கையில் கிடைத்த விசைப்பலகைக்கு ஏற்ப எழுதினார். அந்த முனையம் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. 1991-இல் பிராம் மூலநார் அதன் வழியில் விம் எடிட்டரை வெளியிட்டார். 2023-இல் இறக்கும்வரை அதைக் கவனித்துக்கொண்டார், பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை உண்டு. அதற்காக உங்கள் மவுஸைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. உங்கள் மேலாளர் சொல்லும் கருவியை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். கைவலிக்கும் ஒட்டுவேலைகளை நன்றாகச் செய்கிறது. போன வருடம் ஒரு சோதனைக்காக, நோயாளி பதிவுப் படிவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னேன். அரை நிமிடத்தில் வந்தது, அழகாக இருந்தது. முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இரண்டும் கட்டாயம். பெயருக்குள் எழுத்து, இடைவெளி, ஒற்றை மேற்கோள் தவிர எதுவும் வரக்கூடாது என்று ஒரு விதி வேறு. என் தகப்பனார் உயிரோடு இருந்து அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்திருந்தால், முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’, அப்புறம் அப்பா பெயர். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான். மகன், மகள், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு மனிதர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. கணினிக்கு அது வேறு பொருள். யூனிக்ஸ் வழி வந்த எந்தக் கணினியிலும் சாய்கோடு என்றால் ‘இந்த உறைக்குள்ளே’, அதாவது ஃபோல்டருக்குள்ளே, என்று அர்த்தம்.

கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழை பிடிஎஃப் ஆக உருவாக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். கோப்புக்கு அவரவர் பெயரையே வைத்தேன், தேடுவதற்கு வசதி என்று. சீனப் பெயர்களுக்கு ஓடியது. மகன், மகள் என்பதற்கு ‘பின்’, ‘பிந்தி’ என்று வரும் மலாய்ப் பெயர்களுக்கும் ஓடியது. இந்தியப் பெயர் வந்ததும், ‘முனியாண்டி ஏ’ என்று ஓர் உறை இருப்பதாக நினைத்து, அதற்குள்ளே ‘எல் சுப்பையா’ என்ற கோப்பை வைக்கப் பார்த்தது. அப்படி ஓர் உறை இல்லை. நிரல் விழவில்லை, அதுதான் கொடுமை. பிழையை ஒரு லாக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. இருநூறு பேரில் இந்தியர்களுக்கு மட்டும் சான்றிதழ் வரவில்லை. எழுதியவன் நான், என் பெயரிலும் அந்தச் சாய்கோடு இருக்கிறது. சோதிக்கும்போது என் பெயரைப் போட்டுப் பார்க்கவில்லை, சும்மா ‘டெஸ்ட் ஒன்று’, ‘டெஸ்ட் இரண்டு’ என்று போட்டேன். ஓர் அம்மா போன் செய்து, ‘எங்க ஆளுங்களுக்கு மட்டும் ஏன் தம்பி வரல?’ என்று கேட்டார். அவர் நினைத்த காரணம் வேறு. நான் சாய்கோட்டை விளக்க முயன்றேன், பாதியில் விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து எந்த நிரல் எழுதினாலும் நான் போடும் முதல் சோதனைப் பெயர் என்னுடையது. இரண்டாவது, சரவாக்கில் இபான் நண்பர் ஒருவருடையது, நடுவில் ‘அனாக்’ வரும். மூன்றாவது ஒற்றைச் சொல் பெயர்.

அடுத்தது அடையாள அட்டை எண். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு 07, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பார்க்க எண். அதனால் புதிதாக வருகிறவர்கள் டேட்டாபேஸில் எண் என்றே வைத்துவிடுகிறார்கள். தம்பி, உங்கள் வயதைப் பார்த்தால் உங்கள் அட்டை பூஜ்யத்தில் தொடங்கும். 2000 முதல் 2009 வரை பிறந்த எல்லாருக்கும் அப்படித்தான். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், 2000-இல் பிறந்தவருக்கு இரண்டு பூஜ்யமாவது போய்விடும். எக்செலில் திறந்தால் இன்னொரு கூத்து: பதினோரு இலக்கத்துக்கு மேல் போனால் அது அடுக்குக்குறி போட்டுச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி என்ற எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போனது போனதுதான். கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். அது எழுத்துச் சரம்.

வருடத்துக்கு இரண்டே இலக்கம் என்பது தனிக் கதை. இன்று 25 என்று தொடங்கும் எண் 1925-இல் பிறந்த தாத்தாவுடையதாகவும் இருக்கலாம், 2025-இல் பிறந்த குழந்தையுடையதாகவும் இருக்கலாம். நூறு வயதுத் தாத்தாக்கள் குறைவு என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது பிறந்த தேதிக்கு வருகிறேன். என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த தவறு இதுதான், செய்தவன் நானே என்றாலும்.

கோலாலம்பூரிலேயே இன்னோர் இடம், மருத்துவமனைக் கிளைகள் சிலவற்றுக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். பிறந்த தேதியை, தேதியாக இல்லாமல், நள்ளிரவு 12 மணி என்ற நேரத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தது. மலேசியா யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் என்பதால் எட்டைக் கழித்துச் சேமிப்பார், எட்டைக் கூட்டிக் காட்டுவார். கழித்ததும் கூட்டியதும் ஒன்றுக்கொன்று சரியாகப் போனதால் பல வருடம் ஒரு குறையும் இல்லை. நான் வந்தேன். இப்படிக் கையால் எட்டைக் கூட்டுவது அழகில்லை என்று நினைத்து, காட்டும் இடத்தில் மட்டும் ‘ஏசியா/கோலாலம்பூர்’ என்ற முறையான நேர மண்டலத்தை வைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை சர்வரில் ஏற்றினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை மாலை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மூன்று கிளைகளிலிருந்து போன். பதிவு மேசையில் உள்ளவர்கள் அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கத்தையும் திரையில் உள்ள பிறந்த தேதியையும் ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லை, ஒரு நாள் குறைவாகக் காட்டுகிறது. எல்லாருக்கும் இல்லை. இளையவர்களுக்குச் சரியாக இருக்கிறது, வயதானவர்களுக்குத் தவறு. கிளைப் பொறுப்பாளர் ஒருவர், ‘வயசானவங்கன்னா உங்க கம்ப்யூட்டருக்கும் இளக்காரமா?’ என்றார்.

பட்டியலைப் பிறந்த தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். எல்லை பளிச்சென்று தெரிந்தது. 1982 முதல் பிறந்தவர்கள் எல்லாரும் சரி. 1981 வரை பிறந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரு நாள் குறைந்திருந்தது.

பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும். தீபகற்ப மலேசியா அதுவரை யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபா, சரவாக் எட்டில் இருந்தன. மகாதீர் பிரதமரான அந்த வருடக் கடைசியில் நாடு முழுவதும் ஒரே நேரம் என்று முடிவாகி, 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரத்தை நேரே நள்ளிரவுக்குத் தள்ளினார்கள். அந்த வருடத்தின் கடைசி அரைமணி நேரம் தீபகற்பத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது.

என் நிரல் என்ன செய்தது பாருங்கள். 1975 மே 12 நள்ளிரவு என்பதிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துப் பழைய நிரல் சேமித்திருந்தது. நான் வைத்த மண்டலத்துக்கோ சரித்திரம் தெரியும். ‘1975-இல் கோலாலம்பூர் ஏழரைதானே’ என்று ஏழரையைக் கூட்டியது. இரவு 11.30, தேதி மே 11. திரையில் தேதி மட்டும்தான் காட்டினோம். ஏழரை என்றால் நம்மவர்களுக்குச் சனி ஞாபகம் வரும், அன்று சனிக்கிழமையும்கூட.

இதற்குள் இன்னொரு விசித்திரம். பழைய பட்டியலில் நடுவே கொஞ்சம் பேர், 1942-க்கும் 1945-க்கும் இடையில் பிறந்தவர்கள், சரியாக இருந்தார்கள். ஜப்பானியர் காலம். சிங்கப்பூர் வீழ்ந்ததும் இங்கே தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள், யூடிசியைவிட ஒன்பது மணி. எட்டைக் கழித்து ஒன்பதைக் கூட்டினால் அதே நாள் காலை ஒரு மணி, தேதி மாறவில்லை. எங்கள் அப்பாயி ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைச் சொல்லும்போது மரவள்ளிக்கிழங்கையும் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத தம்பியையும் சொல்வார். கடிகாரத்தை மாற்றியதைச் சொன்னதில்லை. அதை எனக்குச் சொன்னது ஒரு டேட்டாபேஸ்.

அந்த டேட்டாபேஸுக்கு டிஇசட் என்று பெயர். 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பிறகு பால் எகர்ட் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் கைபேசியிலும், இந்த ஊர்ச் சர்வர்கள் பெரும்பாலானவற்றிலும் அது இருக்கிறது. எந்த நாடு எப்போது கடிகாரத்தை மாற்றியது என்று காரணத்தோடு குறித்துவைத்திருக்கிறார்கள், அதுவும் சாதாரண எழுத்துக் கோப்பாக. ஒரு மழைநாள் மாலையில் ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு ஆசியா கோப்பைத் திறந்து படியுங்கள். நிரலர்கள் எழுதியவற்றிலேயே நான் சுவைத்துப் படித்தவை மிகச் சில. அதில் அது ஒன்று.

திருத்தம் என்னவோ எளிது. பிறந்த தேதிக்கு நேரம் கிடையாது, மண்டலம் கிடையாது. தேதி என்ற வகையிலேயே வைத்துவிட்டோம். ஏஐ கருவியிடம் இதே வேலையைப் பின்னொரு நாள் கொடுத்துப் பார்த்தேன். எட்டைக் கையால் கூட்டும் அதே பழைய வழியைத்தான் எழுதியது. 1982-ஐச் சொன்னதும், ‘ஆமாம், நீங்கள் சொல்வது சரி’ என்று மரியாதையாகத் திருத்திக்கொண்டது. அதற்கு அந்த வரலாறு தெரியாமல் இல்லை, கேட்டால்தான் சொல்கிறது. 1982 என்று சொல்ல எனக்கு ஒரு சனிக்கிழமை செலவானது. உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

தமிழ் எழுத்துக் கதை இன்னும் நீளம், சுருக்கப் பார்க்கிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? பள்ளிப் பிள்ளை மூன்று என்பான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடைக் கேட்டால் ஐந்து என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற முறையில் கோப்பில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக பதினைந்து. மூன்றும் சரியான விடைதான், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயரை இருபது பைட்டில் வெட்டு என்று யாரோ எழுதிவைத்தால், ஏழாவது குறியின் நடுவில் கத்தி இறங்கும், கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் மிஞ்சும். குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் 70 குறிதான், மேலே போனால் இரண்டாவது செய்திக்கும் காசு.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் தைப்பூசத்துக்கு அர்ச்சனை ரசீதைத் தமிழில் அச்சடித்துத் தரச் சொன்னார்கள். சேவைதான், கூலி இல்லை, பொங்கல் பிரசாதம் உண்டு. கடைகளில் பில் அடிக்கும் 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர். அதற்குத் தமிழ் எழுத்துரு தெரியாது, எனவே பெயரைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும், அகலம் 576 புள்ளி. பைத்தான் மொழியில், படம் வரைவதற்குப் பிறர் எழுதிவைத்த பில்லோ என்ற நிரல் நூலகத்தை வைத்து ஒரு ராத்திரியில் முடித்துவிட்டேன். ‘கந்தன்’, ‘சரஸ்வதி’ போட்டுப் பார்த்தேன், அருமை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோயில் தலைவர் ரசீதைப் பிடித்துக்கொண்டு வந்தார். ‘யார் தம்பி இந்த சகேர்? நம்ம வட்டாரத்துல அப்படி யாரும் இல்லையே?’

சேகர். ஏகாரக் குறியை நாம் எழுத்துக்கு முன்னால் எழுதுகிறோம், ஆனால் யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது: ச, ஏகாரக் குறி, க, ர, புள்ளி. காட்டும்போது குறியைத் தூக்கி முன்னால் வைக்க ஒரு நிரல் வேண்டும். பில்லோ தன் அடிப்படை முறையில் அதைச் செய்யாது, வந்த வரிசையிலேயே வரையும். ச-வுக்குப் பின்னால் ஏகாரக் குறி, அதற்குப் பின்னால் க. படிக்கிறவர் கண்ணுக்கு அது ‘கே’ ஆகிவிடுகிறது. வேலன் வலேன் ஆனார், கேசவன் கசேவன் ஆனார். கட்டம் கட்டமாக உடைந்து வந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இது வாசிக்கக்கூடிய தவறான பெயராக வந்ததால் இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. நான் சோதித்த கந்தனிலும் சரஸ்வதியிலும் முன்னால் வரும் குறி இல்லை, பாருங்கள். ராக்கம் என்ற நூலகத்தைச் சேர்த்து நிறுவியதும், எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் வழியாக எழுத்துகள் சரியான இடத்தில் உட்கார்ந்தன. சுவாமிக்கு முன்னால் பெயர் மாறி வாசித்திருந்தால் பலன் யாருக்குப் போயிருக்கும் என்று தலைவர் கேட்டார். அதற்கு என்னிடம் நூலகம் இல்லை.

அதே கோயிலின் பழைய உறுப்பினர் பட்டியலில் கோபால் என்று தேடினால் கிடைக்க மாட்டார், கண்ணால் பார்த்தால் இருப்பார். பழைய எழுத்துருக் குறியீட்டிலிருந்து மாற்றியபோது ஓகாரக் குறியை ஏகாரக் குறி, கால் என்று இரண்டாக வைத்துவிட்டார்கள். விசைப்பலகையில் நாம் தட்டுவது ஒற்றைக் குறி. பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் தேடினால் தீர்ந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் யூனிகோடே கிடையாது, ஒவ்வொருவரும் ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கோப்புகள் இன்னும் சங்க அலமாரிகளில் இருக்கின்றன. உங்களிடமும் ஒருநாள் வந்து சேரும்.

எடிட்டரைவிட மேலான கருவி ஏதும் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தேடுகிற கருவியும் வரலாற்றைப் பார்க்கிற கருவியும். நாம் எழுதுவதைவிட, பிறர் எழுதியதை வாசிப்பதில்தான் நாள் போகிறது. கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கருவியின் பெயரே விஐக்கும் மூத்த ‘எட்’ எடிட்டரின் ஜி/ஆர்ஈ/பி என்ற கட்டளைதான். கென் தாம்சன் அதைத் தனி நிரலாக்கினார். இன்று அதே வேலையை வேகமாகச் செய்யும் ரிப்கிரெப் இருக்கிறது, அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அதைச் சர்வருக்கு அனுப்புவது) இரண்டோடு நின்றுவிடாதீர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸுக்காக அதை எழுதியபோது, ஆயிரக்கணக்கான பேர் எழுதுவதில் எது எப்போது உடைந்தது என்று கண்டுபிடிப்பது அவருக்கு அன்றாடப் பாடு. பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நன்றாக ஓடிய ஒரு நாளையும் உடைந்திருக்கும் இன்றையும் காட்டினால், நடுவில் எடுத்துக் கொடுக்கும். சோதித்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சோதனையில் முடிந்துவிடும். எங்கள் தொழிற்சாலையில் ஓர் அளவீட்டு அறிக்கை திடீரென்று கடைசித் தசமத்தில் பிசகியது. தொள்ளாயிரம் கமிட்டுக்குள் தேடினேன், பத்தாவது சோதனையில் குற்றவாளி கிடைத்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய கமிட், எழுதியவர் பெயர் என்னுடையது, குறிப்பு: ‘சின்னத் திருத்தம்’. எதைத் திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பழைய மனிதனை மாமாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

ஏஐ கருவியைப் பற்றி ஒரு வார்த்தை மிச்சம். அது எழுதித் தருவதை ஏற்றுக்கொள்ளுமுன், உங்களுக்குப் புரியாத வரி ஒன்று இருந்தால் அந்த வரியைப் பற்றி அதனிடமே கேளுங்கள், அலுக்காமல் சொல்லும். முதல் இரண்டு வருடம் இதற்குச் சோம்பல்படாதீர்கள். அலுவலக நிரலை அதில் ஒட்டலாமா என்பதை மட்டும் மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸில் வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் கடுமையானவை.

மடிக்கணினி. புதிதாக வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட் மாதிரி ஒன்றை, 16 ஜிபி ராம் உள்ளதாக, இரண்டாயிரம் வெள்ளிக்குள் பாருங்கள். கோலாலம்பூர் போனால் லோ யாட் பிளாசாவில் ஒரு சுற்று சுற்றலாம், ஆனால் முதல் கடையிலேயே பணத்தை எடுக்காதீர்கள். மிச்சப் பணத்தில் நல்ல நாற்காலி. எனக்கு நாற்பது வயதில் மணிக்கட்டு வலி வந்தபோது விலை உயர்ந்த விசைப்பலகை ஒன்று வாங்கினேன், போகவில்லை. மேசை உயரத்துக்கு ஏற்ற நாற்காலி வாங்கிய பிறகுதான் போனது.

அப்புறம், வீட்டில் இடிதாங்கும் வசதி உள்ள நீட்டிப்புப் பிளக் ஒன்று. நம் ஊர் மாலை நேர இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தொலைபேசிக் கம்பி இணையம் இருந்த காலத்தில் நான் மின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து, மோடத்தையும் அதோடு சேர்ந்திருந்த கணினியையும் எடுத்துக்கொண்டு போனது. இப்போது ஃபைபர் என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது, கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் மோடத்துக்கு மின்சாரம் சுவரிலிருந்துதான் வருகிறது, அதிலிருந்து மடிக்கணினிக்கு வயர் போட்டிருந்தால் அதுவும் ஒரு பாதைதான். வானம் கறுத்தால் இரண்டையும் பிடுங்குங்கள். பிடுங்குமுன் கமிட் செய்து புஷ் செய்துவிடுங்கள், குறிப்பில் என்ன திருத்தினீர்கள் என்று எழுதி.